அசனப் பானையும் பலிபீடத்துக் கிண்ணமும்: சேகரக் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

சேகரத்தை, அதாவது பல சபைகள் சேர்ந்த தொகுதியை, நடத்துகிற குருமாராகிய ஐயாமார்களுக்கும், சேகரக் கமிட்டி அண்ணாச்சிமார்களுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்தை நடத்துகிற அம்மாமார்களுக்கும் ஸ்தோத்திரம்.

நெல்லை, தூத்துக்குடி, தென்காசி வட்டாரச் சபைகளில் அசனம் என்கிற சபை விருந்தை ஆக்குகிறவர்கள், ஆலயம் கூட்டுகிறவர்கள், நற்கருணைப் பாத்திரம் கழுவுகிறவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். "நீங்கள் செய்கிற வேலையே கர்த்தருக்குச் செய்கிற ஆராதனை" என்று பீடத்திலிருந்து அடிக்கடி சொல்லுகிறீர்கள். அதில் எங்களுக்கு மறுப்பே கிடையாது. அதை நீங்கள் மெய்யாகவே நம்புகிறீர்களா என்பதுதான் சந்தேகம்.

நற்கருணை மேஜையைப் பாருங்கள். எந்தத் துணியை முதலில் விரிப்பது, கிண்ணம் எந்தப் பக்கம், மீந்த அப்பத்தை என்ன செய்வது, யார் தொடலாம், யார் தொடக்கூடாது, எல்லாவற்றுக்கும் முறை உண்டு. அதே வளாகத்தில், ஐம்பது அடி தள்ளி, ஆயிரம் பேருக்கு உலை கொதிக்கிற அடுப்புக்கு என்ன முறை? "நல்லபடியா முடிச்சிருங்க அண்ணாச்சி" என்ற ஒரு வார்த்தைதான். ஒன்றை ஆராதனை என்று சொன்னால் அதற்கு ஆயத்தம் வேண்டும், அளவு வேண்டும், நேரம் வேண்டும், செய்கிறவருக்குரிய மரியாதை வேண்டும். இவை இல்லாமல் வேலையை ஆராதனை என்று அழைப்பது, சம்பளம் கேட்கிறவர் வாயை அடைக்கத்தான் உதவும். சகரியா தீர்க்கன் 14-ஆம் அதிகாரத்தில், கர்த்தருடைய ஆலயத்துப் பானைகள் பலிபீடத்துக்கு முன்பாக இருக்கிற பாத்திரங்களைப்போல் இருக்கும் என்கிறான். அடுத்த வசனத்தில் எருசலேமிலும் யூதாவிலும் உள்ள சகல பானைகளையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறான். எங்கள் கோரிக்கை அந்த இரண்டு வசனத்துக்கு மேல் போகாது. கிண்ணத்துக்கு என்ன மரியாதையோ, பானைக்கும் அது.

முதலில் வசனத்தை முழுசாக வாசிக்கச் சொல்லிக் கேட்கிறோம். இந்தப் பிரசங்கத்துக்கு எடுக்கப்படுவது கொலோசெயர் 3: "எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்." பவுல் அதை எழுதியது வேலைக்காரருக்கு, அதாவது அந்தக் காலத்து அடிமைகளுக்கு. அதிகாரம் முடிகிறது, வேதாகமம் மூடப்படுகிறது. ஆனால் பவுல் நிறுத்தவில்லை. 4-ஆம் அதிகாரம் முதல் வசனம் எஜமான்களைப் பார்த்துப் பேசுகிறது: வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள், உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் உண்டு. அதிகாரப் பிரிவு பவுல் போட்டதில்லை, நூற்றாண்டுகள் கழித்து வந்தது. அந்தக் கோடு நமக்கு வசதியாகப் போய்விட்டது. இனி இந்தப் பகுதியைப் பிரசங்கிக்கிற எந்த ஐயாவும் 4:1 வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் வேதாகமத்தை மூடவேண்டும்.

இப்போது அடுப்புக்கு வருவோம். ஆலயம் பிரதிஷ்டையான நாளைக் கொண்டாடுகிற பண்டிகையின் அசனம் என்றால் கமிட்டி கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை மூடை அரிசி?" கேட்கவேண்டியது, "எத்தனை பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், எத்தனை வீட்டுக்குத் தூக்குவாளியில் போகும்?" இரண்டும் வேறு கணக்கு. உட்கார்ந்து சாப்பிடுகிற ஆளுக்குப் பச்சையாக 150 கிராம் அரிசி போதும். பிள்ளைகளும் முதியவர்களும் குறைவாகச் சாப்பிடுவதால், கூடச் சாப்பிடுகிறவர்களுக்கு அதிலேயே ஈடு கட்டிவிடும். ஆயிரம் பேருக்கு 150 கிலோ. ஒரு கிலோ அரிசி வெந்தால் இரண்டரை முதல் மூன்று கிலோ சோறு. வீட்டுக்கு எடுத்துப்போவதைத் தலைக்கட்டு (குடும்ப) வாரியாகத் தனியே எழுதிக் கூட்டவேண்டும். எழுதாமல் விட்டால், கடைசிப் பந்தியில் இருக்கிறவர்களுக்குச் சோறு இருந்தும் கறி இருக்காது. அந்தக் கடைசிப் பந்தியில் யார் உட்காருவார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

கறி எலும்போடு ஆளுக்கு 100 கிராம். நாட்டு வெள்ளாடு ஒன்றில் சுமார் 11 கிலோ கறி தேறும், ஆக ஆயிரம் பேருக்கு 9 அல்லது 10 ஆடு. நேர்ச்சையாக வருகிற ஆடுகளை எண்ணிக்கையில் மட்டும் பதிகிறார்கள். எட்டுக் கிலோ தேறும் குட்டியும் ஒன்று, பதினைந்து கிலோ தேறும் கிடாயும் ஒன்று. எண்ணிக்கையை வைத்து மசாலா அரைத்தால் குழம்பு கெட்டது. உரித்த பிறகு தராசில் போட்டு எழுதுங்கள், அதை வைத்து அரைக்கிறோம். உப்பு 100 லிட்டர் குழம்புக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தொடங்கி, குழம்பு வற்றிய பிறகு ருசி பார்த்துக் கூட்டவேண்டும். கொதிக்கத் தொடங்கும்போதே முழு உப்பையும் போட்டுவிட்டால், வற்ற வற்றக் கரிப்பு ஏறும், திருத்த வழி கிடையாது. நான்கு பேர் தனித்தனியே "உப்பு பார்க்கிறது" இன்னொரு தொல்லை. ஒருவர் போட்டது அடுத்தவருக்குத் தெரியாது. உப்புக்கு ஒரே ஆள், அவர் பெயர் சமையற்கட்டுச் சுவரில் எழுதியிருக்கட்டும்.

பித்தளை அண்டாவுக்கு உள்ளே வெள்ளீயப் பூச்சு இருக்கிறதா என்று ஒரு மாதத்துக்கு முன்பே பாருங்கள். பூச்சுப் போன இடத்தில் புளிக்குழம்பு கொதித்தால் செம்பு கரைந்து இறங்கும். பச்சைக் களிம்பு கண்ணுக்குத் தெரியும்போது ஏற்கெனவே காலம் கடந்துவிட்டது. பூச்சுக்காரர் கிடைக்காவிட்டால் எவர்சில்வரை வாடகைக்கு எடுங்கள். "முன்னோர் செய்துவைத்த அண்டா" என்று வீம்பு பிடிக்க வேண்டாம்.

அடுத்தது ஐயாமார்களுக்கே நேராகச் சொல்லவேண்டியது. உங்கள் பிரசங்கத்தின் நீளம் எங்கள் சோற்றைக் கெடுக்கிறது.

கோபிக்காமல் கேளுங்கள். 25 கிலோ அரிசி ஒரு உலை. அதற்கு நாலைந்து மடங்கு தண்ணீர், மூன்றில் இரண்டு பங்குக்குமேல் நிரம்பாத அண்டா. வடித்த சோற்றைப் பாயில் கொட்டி, வெள்ளை வேட்டியால் மூடிவைக்கிறோம். குவியலின் நடுவில் சூடு நிற்கும். ஓரத்திலும் மேலேயும் விரைவாக ஆறி, வெதுவெதுப்பாக வந்து நின்றுவிடும். அரிசியில் இருக்கிற ஒருவகைக் கிருமியின் வித்து கொதியில் சாகாது. சோறு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி வெதுவெதுப்பாகக் கிடக்கிற நேரத்தில் அது முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. சாப்பிட்ட ஒரு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். கறிக்குழம்பில் வருவது வேறு கிருமி. அடுப்பை அணைத்த பெரிய அண்டா மெதுவாக ஆறும்போது பெருகி, எட்டுப் பத்து மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரியில், வயிற்றால் போகவைக்கும். ஊரில் கண்ணேறு என்பார்கள், ஆட்டின்மேல் பழி போடுவார்கள். காரணம் கடிகாரத்தில் இருக்கிறது.

பத்தரைக்கு முடியவேண்டிய ஆராதனைக்குப் பத்தேகாலுக்கு முதல் உலை வடிந்திருக்கும். சிறப்பு விருந்தினர் வாழ்த்துரை, பொன்னாடை, நன்கொடையாளர் பட்டியல் எல்லாம் முடிந்து பன்னிரண்டேகாலுக்குப் பந்தி விரித்தால், அந்தச் சோறு இரண்டு மணி நேரத்தைப் பாயிலேயே கழித்தாயிற்று. கடைசிப் பந்தி இரண்டரை மணிக்கு. தூக்குவாளியில் போனது ராத்திரிச் சாப்பாட்டுக்கு. இதற்கு மருந்து சுலபம். பிரசங்கம் தொடங்கினதும் ஆலயத்தைக் கவனிக்கிற கோவில்பிள்ளை சமையற்கட்டுக்கு ஆள் அனுப்பட்டும், அதற்குப் பிறகே அரிசியை உலையில் போடுகிறோம். எல்லா உலையையும் ஒரே நேரத்தில் வைக்காமல் அரை மணி நேர இடைவெளியில் வைத்தால், ஒவ்வொரு பந்திக்கும் புதுச் சோறு கிடைக்கும். குழம்பு கடைசி வரைக்கும் சிறு தீயில் கொதித்துக்கொண்டே இருக்கவேண்டும். தேங்காய் அரைத்து ஊற்றுவதானால் அதைக் கடைசியில் ஊற்றி, ஒரு கொதி விட்டு, உடனே பரிமாறவேண்டும். ஒரு சமையல் வெப்பமானி சில நூறு ரூபாய்தான், சீரியல் செட் வாடகையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. எடுத்துப்போகிற சோற்றை நாலு மணிக்குள் சாப்பிட்டு முடிக்கும்படி ஒலிபெருக்கியில் சொல்லுங்கள்.

ஒலிபெருக்கி என்றதும் இன்னொன்று. சமையற்கட்டுக்குள் பாடல் குழாயைக் கட்டாதீர்கள். பக்தி பெருகட்டும் என்ற நல்ல எண்ணம்தான், ஆனால் "கஞ்சி வருது, வெலகு" என்ற சத்தம் காதில் விழாமல் போனால் ஒருவர் கால் வெந்துபோகும். வடிக்கும்போது இரண்டு பக்கமும் ஆள், நனைத்த சாக்கு, ஈரமில்லாத தரை, கஞ்சி போகத் தனி வாய்க்கால். நைலான் சேலையும் பாலியெஸ்டர் சட்டையும் அடுப்படிக்கு ஆகாது, உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்திதான். கொதிகஞ்சி பட்டுவிட்டால் ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டவேண்டும். மாவு, பற்பசை, மை எதுவும் பூசக்கூடாது. குடிதண்ணீர்த் தொட்டியில் ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை முதல் நாலு கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள். போன வருஷத்துப் பொட்டலம் வீரியம் இழந்திருக்கும், புதிதாக வாங்குங்கள்.

பந்தி விசாரணையைப் பற்றி அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஐவிட நாங்கள் கூடுதலாகச் சொல்ல ஒன்றுமில்லை. எருசலேம் சபையில் முதல் முறுமுறுப்பே சாப்பாட்டுப் பங்கீட்டில் வந்தது. ஒரு கூட்டத்து விதவைகள் விடுபட்டுப்போனார்கள். அப்போஸ்தலர் அதைச் சில்லறை விஷயம் என்று தள்ளவில்லை. பந்தி பார்க்க, பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்த, நற்சாட்சி பெற்ற ஏழுபேரைத் தேடச் சொன்னார்கள். பரிமாறுகிறவருக்குக் கேட்ட தகுதியைப் பாருங்கள். நம் சபைகளிலோ வாளி தூக்க வாலிபர் கிடைத்தால் போதும் என்று இருக்கிறோம். கமிட்டிக்காரருக்கும் விருந்தினருக்கும் தனி அறையில், தனிக் கறி, முதல் பந்தி என்ற வழக்கத்தை எடுத்துவிடுங்கள். எந்தத் தெருவுக்கு எப்போது இலை விழுகிறது என்பதை ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. வரிசையை டோக்கன் எண்படி மட்டும் விடுங்கள், குடும்பப் பெயரோ தெருப் பெயரோ டோக்கனில் வேண்டாம்.

சாப்பிட்டு முடிந்ததும் எல்லாரும் கலைந்துவிடுவார்கள். இனி கழுவல். ஒட்டின சோற்றை முதலில் சுரண்டி எடுத்து, வெந்நீர் ஊற்றி ஊறவிட்டு, பிறகு தேய்ப்பதுதான் முறை. ஊறவிடாமல் கம்பி நார் போட்டுத் தேய்த்தால் ஈயப்பூச்சும் போகும், தேய்க்கிறவர் தோள்பட்டையும் போகும். நாற்பது பெரிய பாத்திரம் என்றால் ஆறு பேருக்கு மூன்று மணி நேர வேலை. அந்த ஆறு பேரும் பெரும்பாலும் கடைசியில், ஆறிப்போனதைத்தான் சாப்பிடுகிறார்கள்.

6-ஆம் நூற்றாண்டில் துறவி பெனடிக்ட் தம் மடங்களுக்கு எழுதிய ஒழுங்கில் இதற்கு வழி சொல்லியிருக்கிறார். பரிமாறுகிற முறை யாருடையதோ, அவர்களுக்குச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே அளவுக்கு மேற்பட்டு அப்பமும் பானமும் கொடுக்கச் சொல்கிறார், முறுமுறுக்காமல் ஊழியம் செய்யும்படி. பசித்த ஆள் முறுமுறுப்பான் என்பதை அவர் மறைக்கவில்லை. சமையல் முறை வாரத்துக்கு வாரம் மாறும். முறை முடிக்கிறவர் சனிக்கிழமையில் துண்டுகளைத் துவைத்து, பாத்திரங்களைச் சுத்தமாக உக்கிராணக்காரரிடம், அதாவது சாமான்களைக் காக்கிறவரிடம், ஒப்படைக்கவேண்டும். உக்கிராணக்காரர் எண்ணி வாங்கி, எண்ணியே அடுத்தவருக்குக் கொடுக்கவேண்டும். ஞாயிறு காலை ஜெபம் முடிந்தவுடன் முடித்தவரும் தொடங்குகிறவரும் எல்லார் முன்னும் வணங்கித் தங்களுக்காக ஜெபம் கேட்பார்கள். தொடங்குகிறவர் சொல்வது சங்கீதம் 70:1, "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்" என்ற ஜெபம், மூன்று தரம். மடத்துச் சாமான்கள் எல்லாவற்றையும் பலிபீடத்துப் பாத்திரங்களைப்போல் எண்ணவேண்டும் என்று உக்கிராணக்காரருக்குத் தனியே எழுதிவைத்திருக்கிறார். சகரியாவின் பானையை அவர் அட்டவணை போட்டு நடைமுறைக்குக் கொண்டுவந்தார். துண்டின் எண்ணிக்கையும் ஜெபமும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

இதை நம் ஆராதனையில் சேர்ப்பது கடினமில்லை. அசனத்துக்கு முந்தின ஞாயிறு, காணிக்கை எடுத்தபின், ஆக்குகிறவர்கள், பரிமாறுகிறவர்கள், கழுவுகிறவர்கள் முன்னால் வரட்டும். பெயர் வாசிக்கப்படட்டும், அந்தச் சங்கீத வசனத்தைச் சபையே மூன்று தரம் சொல்லட்டும். மூன்று நிமிஷ வேலை. அசனத்தன்று காலை ஒன்பது மணிக்கு அவர்களுக்கு முதல் சாப்பாடு. பிந்தின ஞாயிறு பாத்திரக் கணக்கு ஒப்படைப்பு, நன்றி ஜெபம்.

நற்கருணைப் பாத்திரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், அங்கே ஒழுங்கு ஏற்கெனவே இருக்கிறது. சிறு கிண்ணங்களைத் துணியால் துடைக்காமல் வெந்நீரில் அலசிக் கவிழ்த்து உலரவிடவேண்டும். சர்க்கரை ஒட்டியிருந்தால் அடுத்த ஞாயிறு எறும்போடுதான் எடுப்பீர்கள். மேஜைத் துணியில் திராட்சரசம் பட்டால் உடனே பச்சைத் தண்ணீர். சோப்பை முதலில் வைத்தால் கறை நீலமாகும், காரம் பட்டால் அந்த நிறம் மாறும் என்பதுதான் காரணம். தண்ணீரில் அலசி, எலுமிச்சைச் சாறு விட்டு வெயிலில் போட்டு, அதற்குப் பிறகு சோப்பு. முதல் அலசல் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் செடி மூட்டில் ஊற்றுகிற பழைய வழக்கம் நல்ல வழக்கம்.

அந்த வழக்கத்தில் இருக்கிற கவனத்தில் கால் பங்காவது ஆலயக் கழிப்பறைக்கு வரட்டும். பண்டிகை நாளில் ஆயிரம் பேர் புழங்குகிற இடத்தை ஒருவர் ஒரே நாளில் நாலு தரம் கழுவுகிறார். கையுறையும் பூட்ஸும் வாங்கிக் கொடுத்த சபைகளை விரல் விட்டு எண்ணலாம். பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறைக் கழுவும் ஆசிட்டையும் ஒன்றாக ஊற்றக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், கதவு மூடிய சின்ன அறையில் அது நுரையீரலைப் பொசுக்கும். ஒன்றைப் போட்டு நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே மற்றது.

செப்டிக் டேங்க் விஷயத்தில் எங்களுக்குச் சமரசமே கிடையாது. பண்டிகைக்கு முந்தின வாரம் டேங்க் நிரம்பியது தெரியும், "உள்ளே இறங்கிப் பார்க்க" ஒரு தெருவிலிருந்து ஆள் கூப்பிடுவார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கிற 2013-ஆம் வருஷத்துச் சட்டம், பாதுகாப்புக் கருவி இல்லாமல் இப்படி ஆளை இறக்குவதைத் தடைசெய்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கழிவுநீர்ச் சாவுக்கு இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் கிடக்கட்டும், காற்றைப் பாருங்கள். உள்ளே இருக்கிற ஹைட்ரஜன் சல்பைடு வாயு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது, நாற்றம் போய்விட்டது என்று நம்பித்தான் இறங்குகிறார்கள். முதல் ஆள் மயங்குவான், தூக்கப் போன இரண்டாம் ஆளும் அங்கேயே விழுவான். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உறிஞ்சும் லாரியைப் பிடித்துக் காலி செய்யுங்கள், அதைப் பண்டிகைக்கு இரண்டு மாதத்துக்கு முன் செய்யுங்கள். இந்த வேலைக்கு எப்போதும் ஒரே சாதியிலிருந்து ஆள் கூப்பிடுகிற சபை, "எல்லா வேலையும் ஆராதனை" என்று பிரசங்கிக்கத் தகுதியிழந்தது. எல்லா வேலையும் ஆராதனை என்றால் கமிட்டி உறுப்பினர் பெயரும் கழிப்பறை முறைப் பட்டியலில் வரட்டும், பொருளாளர் பெயரிலிருந்து தொடங்கி.

கோவில்பிள்ளையின் ஓய்வுநாள் எது? ஞாயிறு அவருக்குத்தான் அதிக வேலை. ஓய்வுநாளைப் பற்றிய நான்காம் கட்டளை வேலைக்காரனையும் வேலைக்காரியையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. உபாகமம் 5:14 ஒரு படி மேலே போய், அவர்களும் "உன்னைப்போல" இளைப்பாற வேண்டும் என்கிறது. வாரத்தில் ஒரு நாள், திங்களோ செவ்வாயோ, முழு விடுப்பு. அன்று மரண மணி அடிக்க மாற்று ஆள். நியமனம் எழுத்தில், சம்பளம் ஒவ்வொரு மாதமும் குறித்த தேதியில். காணிக்கை குறைந்த மாதத்தில் முதலில் பிடிக்கப்படுவது அவர் சம்பளம்தான் என்றால், பிடித்துவைத்த கூலி கர்த்தரை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்கிற யாக்கோபு 5:4-ஐ அந்த மாதக் கமிட்டிக் கூட்டத்தின் தொடக்க வேதபாடமாக வாசியுங்கள்.

வீட்டு வேலைக்கு வருகிறோம். "தாய்மார்களே, உங்கள் அடுப்படியே உங்கள் பலிபீடம்" என்ற பிரசங்கம் எல்லா அன்னையர் ஞாயிறும் வருகிறது. அடுப்படி பலிபீடமானால் ஆண்களுக்கு ஏன் அங்கே ஊழியம் இல்லை? சபைச் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லூத்தர் 1522-லேயே திருமண வாழ்வைப் பற்றி எழுதும்போது, பிள்ளையின் அசுத்தத் துணியைத் துவைக்கிற தகப்பனை ஊரார் பெண்டுகன் (பெண்ணைப்போல் நடக்கிறவன்) என்று சிரித்தாலும், விசுவாசத்தோடு அவன் அதைச் செய்தால் தேவன் தம் தூதர்களோடும் சிருஷ்டிகளோடும் புன்னகைக்கிறார் என்றார். ஐந்நூறு வருஷம் ஆகிவிட்டது. ஞாயிறு எட்டரை ஆராதனைக்கு அம்மாமார்கள் பாதிப் பேர் முதல் பாட்டு முடிந்துதான் வருகிறார்கள், காரணம் கறிக்குழம்பு. இஞ்சி பூண்டு உரித்து அரைப்பது, வெங்காயம் உரிப்பது, கறியை வெட்டிக் கழுவி வைப்பது எல்லாம் சனி சாயங்காலத்தில் ஆண்கள் முடிக்கக்கூடியவை. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் கறியை மட்டும் காலையில் வாங்கட்டும், வாங்குகிறவரே கழுவி வெட்டட்டும். அதுவும் முடியாதென்றால் ஞாயிறு மதியம் சாம்பாரும் அப்பளமும் போதும், ஒன்றும் குறைந்துவிடாது. இயேசு வீட்டுக்கு வந்தபோது பணிவிடையிலேயே மும்முரமாயிருந்த மார்த்தாளைத் திட்டுகிற பிரசங்கம் போதும். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரையில் கரிநெருப்புப் போட்டு, மீனைச் சுட்டு, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்று கூப்பிட்டதை ஈஸ்டருக்குப் பிந்தின ஞாயிறுகளில் பிரசங்கியுங்கள்.

மிசோரம் சபைகளில் 1910 வாக்கில் தொடங்கிய கைப்பிடி அரிசி இன்றைக்கும் நடக்கிறது. சமைக்க அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனியே வைப்பார்கள், வாராவாரம் சேகரித்து ஊழியத்துக்குக் கொடுப்பார்கள். நம் பக்கத்துப் பழைய பிடியரிசியும் இதே வகைதான். காணிக்கைக் கவர் வந்ததும் அது போய்விட்டது. கவரில் பணம் கூடுதலாக வரலாம். ஆனால் பிடியரிசி தினம் இரண்டு வேளை, படியைக் கையில் எடுத்த அந்தக் கணத்தில், ஜெபிக்க வைத்தது. திரும்பக் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். சேர்கிற அரிசியை அசனத்துக்கே வைக்கலாம், நாலைந்து மாதத்துக்கு மேல் வண்டு விழும்.

இனி வாரநாள் தொழில். அறுப்பின் பண்டிகைக்கு வாழைக்குலையும் பூசணியும் பீடத்தண்டை வருகின்றன. இந்தச் சபைகளில் இன்றைக்கு வயல் உள்ளவர்கள் எத்தனை பேர்? பனையேறுகிறவர், உப்பளத்தில் வாருகிறவர், பீடி சுற்றுகிறவர், ராத்திரி டியூட்டி நர்ஸ், பஸ் கண்டக்டர், இவர்களுடைய வேலையைப் பற்றிப் பீடத்தில் ஒரு வார்த்தை வருவதில்லை. வந்தாலும் "எல்லாத் தொழிலாளருக்காகவும்" என்ற ஒரே மூச்சு. பொதுவாக ஜெபிப்பது எளிது. குறித்து ஜெபிக்கத் தெரிந்திருக்கவேண்டும். தூத்துக்குடி உப்பளத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை இல்லை, அந்த மாதங்களில்தான் வீட்டில் கடன் ஏறும். விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். பங்குனி, சித்திரையில் பனையேறுகிறவர் நாளுக்கு இரண்டு தரம் ஒவ்வொரு மரத்திலும் ஏறிப் பாளையைச் சீவுகிறார். சுற்றக் கொடுக்கிற பீடி இலை மட்டமாக வந்தால் ஆயிரம் பீடி எண்ணிக்கை தேறாது, சொந்தக் காசில் இலை வாங்கிச் சுற்றிக் கொடுக்கிற பெண்கள் நம் பெஞ்சுகளில் இருக்கிறார்கள். ஒரு ஞாயிறுக்கு ஒரு தொழில் என்று பட்டியல் போடுங்கள். அந்தத் தொழில் செய்கிறவர் ஒருவர், தம் வேலையில் எது கடினம், எங்கே பொய் சொல்ல ஆசை வரும், எது சந்தோஷம் என்று மூன்று வரி எழுதிக்கொடுக்கட்டும். ஐயா அதை வைத்து இரண்டு நிமிஷம் ஜெபியுங்கள்.

"எங்கே பொய் சொல்ல ஆசை வரும்" என்பதை விட்டுவிடாதீர்கள். பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். குறைந்தால் கள்ளாகிப்போகும், கூடினால் கருப்பட்டி கறுத்து ருசி கெடும். ஒவ்வொரு ஏற்றத்திலும் கலயத்தைக் கழுவி, அளவாகத் தடவவேண்டும். அந்த அளவு விரலுக்குத்தான் தெரியும். இவ்வளவு கவனமாக இறக்கின பதநீரைக் காய்ச்சும்போது பாதிக்குச் சீனியைக் கொட்டி, சுத்தக் கருப்பட்டி என்று விற்றால், மரத்தில் ஏறும்போது பாடின சங்கீதம் எந்தக் கணக்கில் சேரும்? கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் 11:1 சொல்கிறது. இது கருப்பட்டிக்காரருக்கு மட்டும் இல்லை. ரசீதில் கூட்டி எழுதுகிற கான்ட்ராக்டருக்கும், டியூட்டி நேரத்தில் சேகர வேலை பார்க்கிற அரசு ஊழியருக்கும், பண்டிகை விற்பனையில் அந்தச் சீனிக் கருப்பட்டியை விற்கிற சங்கத்துக்கும் சேர்த்துத்தான்.

வரும் பண்டிகைக்குப் பட்ஜெட் போடும்போது, பந்தல், விளக்கு, ஒலிபெருக்கி, பொன்னாடை வரிசைக்குக் கீழே இவற்றையும் எழுதுங்கள்: வெப்பமானி இரண்டு, பருத்தி ஏப்ரன் இருபது, கையுறையும் பூட்ஸும் கழிப்பறை முறைக்காரருக்கு, கழுவுகிற ஆறு பேருக்குக் கூலி, உறிஞ்சும் லாரி வாடகை. பொன்னாடை வரியை அடித்தால் பெரும்பகுதி அதிலேயே ஈடாகும். பாத்திரக் கணக்குப் பேரேடு ஒன்று எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கமிட்டிச் செயலாளர் கையெழுத்துக்கு ஒரு பத்தி காலியாக விட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
அசனப் பந்தியிலும் ஆலய வளாகத்திலும் வேலை செய்கிறவர்கள்